பத்து மீட்டரும் ஆயிரம் கஜமும்: தொலைதூரக் குறிசுடுதலைக் கற்கும் வழி பற்றிய வாதங்கள்

தொலைதூரக் குறியை ரைஃபிளால் சுடக் கற்கப் புறப்படுகிறவர் முதலில் எதைப் பிடிக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு நூற்றறுபது ஆண்டுகளாகப் பதில் சொல்லி வருகிறார்கள். நல்ல துப்பாக்கியைத் தேடு என்றது ஒரு தரப்பு. உடம்பை நிறுத்தப் பழகு, துப்பாக்கி தானாக நிற்கும் என்றது அடுத்தது. காற்றைப் படிக்காதவருக்கு மற்ற எதுவும் கைகொடுக்காது என்றார்கள் சிலர். கடைசியாக வந்தவர்கள் எல்லாம் மனத்தில்தான் இருக்கிறது என்றார்கள். நான்குமே போட்டிகளில் வென்று காட்டியவர்கள் சொன்ன பதில்கள். ஆகவே எதையும் லேசில் ஒதுக்கிவிட முடியாது.

இந்தியாவில் இதற்கெல்லாம் முன்னால் வந்து நிற்பது வேறொரு கேள்வி: எங்கே போய்ச் சுடுவது? கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வடக்கு எல்லையில், கர்நாடகத்தின் மாலூர்ப் பக்கம் பார்த்தபடி இருக்கிறது பேரிகை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடையில் புழங்கும் ஊர். சுற்றிலும் ரோஜாவும் காய்கறியும் விளையும் பசுமைக்குடில்கள். ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி வண்டிகள் விடியலிலேயே கிளம்பிவிடும். இப்படியோர் ஊரில் பள்ளி மாணவி ஒருத்திக்கோ லேத் பட்டறைத் தொழிலாளி ஒருவருக்கோ இந்த விளையாட்டில் ஆசை வந்தால், மேற்சொன்ன நான்கு பதில்களும் அப்படியே பொருந்துமா? அதைப் பார்க்க, பதில்கள் பிறந்த இடங்களையும் அவை எங்கே பலவீனப்படுகின்றன என்பதையும் வரிசையாக ஆராய வேண்டும்.

எதைத் தொலைவு என்பது

ஒலிம்பிக் ரைஃபிள் போட்டிகள் இன்று 10 மீட்டரிலும் 50 மீட்டரிலும் முடிந்துவிடுகின்றன. 300 மீட்டர் பிரிவு 1972 மியூனிக் ஒலிம்பிக்கோடு விடைபெற்றது. உலகச் சாம்பியன்ஷிப்பில் தொடர்கிறது. ஆனால் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியா, கனடா போன்ற நாடுகளிலும் ‘ஃபுல்போர்’ என்ற பெயரில் வேறொரு மரபு உயிரோடு இருக்கிறது. 300 கஜத்தில் தொடங்கி 1000 கஜம் வரை, அதாவது 914 மீட்டர் வரை, பெரும்பாலும் 7.62 மி.மீ. குடும்பத்துத் தோட்டாவால், படுத்த நிலையில் சுடுவது. அதன் தாய்வீடு 1890 முதல் இங்கிலாந்தின் பிஸ்லி.

இந்த மரபில் இந்தியாவுக்கு ஒரு பழைய பங்குண்டு. பிஸ்லியில் இன்றும் அணிகள் மோதும் ‘கோலாப்பூர் கோப்பை’, 1871 முதல் சுடப்படுவது. கோலாப்பூர் அரசர் பெயரால் வழங்கப்பட்டது. கொடுத்தது இந்திய அரசர் என்றாலும் சாதாரண இந்தியர் கையில் துப்பாக்கி இருப்பதை ஆங்கில அரசு விரும்பவில்லை. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அதற்குச் சாட்சி. பேரிகைக்குப் பக்கத்தில் கோலார் தங்க வயலில்கூடத் தொண்டர் படை ஒன்று துப்பாக்கிப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தது. இத்தகைய படைகள் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்குமானவை. சுரங்கத்துக்குள் இறங்கிய தமிழ்த் தொழிலாளிக்கு அங்கே இடமில்லை. இந்த விளையாட்டு இன்றுவரை நம்மூரில் ‘பெரிய இடத்து’ விளையாட்டாகத் தோன்றுவதற்கு இந்த வரலாறும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சுதந்திரத்துக்குப் பின் 1951இல், மக்களவையின் முதல் சபாநாயகர் ஜி.வி. மாவ்லங்கர் முன்னின்று இந்திய தேசிய ரைஃபிள் சங்கம் அமைந்தது. கதவு திறந்தது, தொலைவு திறக்கவில்லை. .303, 7.62 மி.மீ. ஆகிய படைத்துறைத் தோட்டாக்களைச் சுடக்கூடிய ரைஃபிள்கள் நம் விதிகளில் தடைசெய்யப்பட்ட வகை. 300 மீட்டர் பிரிவில் சுடுகிறவர்கள் பெரும்பாலும் ராணுவத்தினர், துணைப்படையினர். 2010 டெல்லி காமன்வெல்த் விளையாட்டில் ஃபுல்போர் போட்டிகள் நடந்தன. அதற்கான இடமும் ஹரியானாவின் காதர்பூரில் உள்ள மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் வளாகம்தான். ஆக, சீருடை அணியாத இந்தியருக்கு நடைமுறையில் தொலைவு என்பது 50 மீட்டர்.

இது பெரிய குறையா? கோணத்தால் அளந்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் குறியில் பத்து என்பது அரை மி.மீ. புள்ளி. 4.5 மி.மீ. பெல்லட் அதன் ஓரத்தைத் தொட்டாலே பத்து. ஆகவே உண்மையான இலக்கு 5 மி.மீ. அகலம்; மீட்டருக்கு அரை மி.மீ. பிழைவட்டம். ஆயிரம் கஜத்தில் சர்வதேசக் குறியின் நடுவட்டம் சுமார் 51 செ.மீ.; தோட்டாவின் தடிமனையும் சேர்த்துக் கணக்கிட்டால் மீட்டருக்குச் சுமார் 0.57 மி.மீ. 300 மீட்டரில் இது 0.36, 50 மீட்டரில் 0.32. பத்து எடுக்க மட்டும் என்று பார்த்தால், பத்து மீட்டரில் நிற்பவர் கையிடமும் ஆயிரம் கஜத்தில் படுத்திருப்பவர் கையிடமும் ஆட்டம் கேட்கும் நுணுக்கம் ஏறக்குறைய ஒன்றே. வேறுபாடு குண்டு பறக்கும் வழியில் இருக்கிறது. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் நான்கு தரப்புகளையும் எடைபோடுவது சுலபம்.

விட்வொர்த் வழி

கருவியே முதன்மை என்ற தரப்புக்கு ஒரு பிறந்தநாளே உண்டு: 1860 ஜூலை 2. லண்டனை ஒட்டிய விம்பிள்டனில் பிரிட்டனின் தேசிய ரைஃபிள் சங்கம் நடத்திய முதல் போட்டியைத் தொடங்கிவைக்க விக்டோரியா அரசி வந்தார். இரும்புத் தாங்கியில் முன்கூட்டியே குறிபார்த்துப் பொருத்தப்பட்ட ரைஃபிளின் விசையை ஒரு பட்டுக்கயிற்றால் இழுத்தார். 400 கஜத்துக்கு அப்பால் குண்டு நடுப்புள்ளியை ஒட்டியே போய்ப் பதிந்தது. அரசிக்குப் பயிற்சி ஏதும் தேவைப்படவில்லை.

அந்த ரைஃபிளைச் செய்தவர் ஜோசப் விட்வொர்த். ஓசூர் சிட்கோ தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் யாரிடம் கேட்டாலும் ‘விட்வொர்த் மரை’ தெரியும். 55 பாகை மரைக்கு 1841இல் தரம் வகுத்த அதே மனிதர்தான் அறுகோணத் துளை ரைஃபிளையும் செய்தார். துல்லியம் என்பது இயந்திரத்தின் குணம் என்ற நம்பிக்கை அவரிடமிருந்து தொடங்கி இன்றுவரை ஓடுகிறது. 1874இல் நியூயார்க் அருகே கிரீட்மோரில் அயர்லாந்தும் அமெரிக்காவும் 800, 900, 1000 கஜங்களில் மோதியபோது ஐரிஷ்காரர்கள் வாய்வழி மருந்திடும் ரிக்பி ரைஃபிளும் அமெரிக்கர்கள் பின்புறம் தோட்டா இடும் ரெமிங்டன், ஷார்ப்ஸ் ரைஃபிள்களும் கொண்டுவந்தார்கள். அமெரிக்கா 934, அயர்லாந்து 931. பின்புறம் இடும் கருவியின் வெற்றி என்று பலரும் எழுதினார்கள். இன்றைய ‘எஃப் கிளாஸ்’ பிரிவும் இந்த மரபின் நீட்சிதான். கனடாவின் ஜார்ஜ் ஃபார்குஹார்சன், வயதால் கண்ணும் தோளும் ஒத்துழைக்காதவர்களும் தொடர்ந்து சுடட்டும் என்று தொலைநோக்கி சைட்டுக்கும் முன்தாங்கிக்கும் இடம் கொடுத்தார். நோக்கம் நல்லது. விளைவாக அது பேரல், தோட்டா, தாங்கி என்று செலவு ஏறிக்கொண்டே போகும் பிரிவாகவும் ஆகிவிட்டது.

ஓசூர்ப் பக்கத்துத் தொழிலாளிகளுக்கு இந்தத் தரப்பு இயல்பாகவே பிடிக்கும். மைக்ரானில் வேலை செய்கிறவர்கள். ஆழ்துளை போடும் இயந்திரம் செய்த மும்பைப் பக்கத்துக் குழுமமொன்று பிரெசிஹோல் என்ற பெயரில் ஏர் ரைஃபிள் தயாரிக்க வந்ததைக் காட்டி, நம்மாலும் முடியும் என்று சொல்லலாம். உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ அதன் பாகமோ செய்வது குற்றம் என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். பெல்லட் பிடிக்கும் இரும்புப் பெட்டி, குறி நிறுத்தும் சட்டம், துப்பாக்கி வைக்கும் ஸ்டாண்டு ஆகியவற்றோடு பட்டறை நின்றுகொள்வது நல்லது.

இத்தரப்பின் பலவீனம் எளிது. போட்டித் தரத்து ஏர் ரைஃபிள் எதுவாயினும் இரும்புப் பிடியில் வைத்துச் சுட்டால் பத்து வளையத்துக்குள் குழுமும்; தொடக்கநிலையாளர் வாங்கும் பழைய ரைஃபிளும் அவர் கையைவிடத் துல்லியமானது. கருவி ஒரு பிழையைக் குறைக்கிறது, பிழைகளில் பெரியதை அல்ல. ஆயினும் இத்தரப்பில் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு: அளவு. கன்னம் சாயும் மரம், தோளில் பொருந்தும் தகடு, விசைக்கும் விரலுக்கும் உள்ள இடைவெளி ஆகியவற்றைத் தையற்காரர் சட்டைக்கு அளவெடுப்பதுபோல அவரவர் உடம்புக்குச் சரிசெய்யாமல், லட்சங்கள் கொடுத்து ஃபைன்வெர்க்பாவ், வால்தர் போன்ற ரைஃபிள்களை வாங்கி என்ன பயன்?

படுக்கை, மூச்சு, விசை

1853இல் இங்கிலாந்தின் ஹைத் நகரில் படையினருக்கான சுடுபயிற்சிப் பள்ளி தொடங்கியபோதே இரண்டாம் பதில் உருவாகிவிட்டது. தூக்கிப் பிடி, குறிபார், மூச்சை நிறுத்து, விசையை அழுத்து என்று எண்ணிக்கை சொல்லிச் செய்யும் டிரில். நம் தேசிய மாணவர் படையில் .22 ரைஃபிளோடு மாணவர்கள் கேட்கும் கட்டளைகள் அந்த மரபின் பேரப்பிள்ளைகள்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் சோவியத் பயிற்சியாளர்கள் இதை உடலியலாக மாற்றினார்கள். தசையால் பிடிக்காதே, எலும்பில் ஏற்று என்பது சாரம். 50 மீட்டர் படுத்த நிலையை அருகில் போய்ப் பார்த்தால் விளங்கும். இடது மேற்கையில் இறுக்கிய ஸ்லிங் வார் முன்கையோடு சேர்ந்து ஒரு முக்கோணம் ஆகிறது. துப்பாக்கியின் எடை இடது முழங்கை வழியாகப் பாய்க்கு இறங்குகிறது. உள்ளங்கை பிடிப்பதில்லை, தாங்குகிறது. வலது கால் சற்று மடங்கினால் வயிறு பாயிலிருந்து விலகி மூச்சு சைட்டை அசைக்காமல் போகிறது. பிறகு ஒரு சோதனை: குறிபார்த்துவிட்டுக் கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுத் திறந்தால் சைட் எங்கே நிற்கிறது? குறிக்கு வலப்பக்கம் நின்றால் கையால் தள்ளி இழுக்கக் கூடாது. இடது முழங்கையை அசைக்காமல் இடுப்பை நகர்த்த வேண்டும். கையால் இழுத்தவர் விசை அழுத்தும் நொடியில் தசை தளர, குண்டு பழைய இடத்துக்கே போகும். தொடக்கநிலையாளர்களின் ஒன்பதுகளும் எட்டுகளும் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன. விசையிலும் ஒரு நுட்பம் உண்டு. முதல் கட்ட இளக்கத்தை எடுத்துவிட்டு விரல் காத்திருக்கும். அதன்பின் கூடும் அழுத்தம் முடிவெடுத்துச் செய்ததுபோலத் தெரியக் கூடாது.

இத்தரப்பின் வலிமையான சான்று, அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து கேரி ஆண்டர்சன். 1964, 1968 ஒலிம்பிக்குகளில் 300 மீட்டரில் தங்கம் வென்றவர். தோட்டா இல்லாமல் வெறும் விசையை அழுத்திப் பழகும் ‘டிரை ஃபயரிங்’ முறையை இளமையிலேயே கடைப்பிடித்தவர். யூரியேவ் எழுதிய சோவியத் பயிற்சி நூலைப் பின்னாளில் ஆங்கிலத்தில் கொண்டுவந்தவரும் அவரே. 300 மீட்டர் வீரர் ஒருவர் வீட்டுச் சுவரைப் பார்த்துக் குறிவைத்து வளர்ந்தார் என்பது பேரிகைக்கு நல்ல சேதி. இன்று ஸ்காட் போன்ற கருவிகள் விசைக்கு முந்தைய ஒரு வினாடியில் முனை எப்படி அலைந்தது என்பதைக் கோடாகத் திரையில் வரைந்து காட்டுகின்றன. பயிற்சியாளரின் கண்ணுக்குத் தப்பியதை அது பிடித்துவிடும்.

ஆனால் எவ்வளவு பயிற்சி? உளவியலாளர் எரிக்சனும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் முன்வைத்த ‘திட்டமிட்ட பயிற்சி’க் கருத்து மணிக்கணக்கைப் பெரிதாக்கியது. 2014இல் மக்னமாராவும் குழுவினரும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது விளையாட்டுத் திறன் வேறுபாட்டில் 18 சதவீதத்தைத்தான் பயிற்சி விளக்குவதாகத் தெரிந்தது. 18 சிறிய எண் அல்ல, ஆனால் மீதி 82 எங்கே என்பதற்கு உடம்புத் தரப்பிடம் பதில் இல்லை. தவிர, ஏர் ரைஃபிளும் .22-உம் உதைப்பது மிகக் குறைவு. 7.62-இன் உதையைத் தாங்கி, இருபதாம் குண்டிலும் அதே இடத்தில் தோள் பொருந்துவதை டிரை ஃபயரிங் கற்றுத்தராது.

காற்று

மூன்றாம் தரப்பில்தான் தொலைதூரச் சுடுதல் தனிக் கலையாகிறது. எண்கள் கொஞ்சம் வேண்டும். 7.62 வகைப் போட்டித் தோட்டா 914 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ ஒன்றரை வினாடி எடுக்கிறது. அதற்குள் சுமார் எட்டு மீட்டர் கீழே இறங்குகிறது. இறக்கம் தொல்லை இல்லை. ஒவ்வொரு முறையும் அதே அளவு என்பதால் சைட்டில் ஏற்றிவிடலாம். குறுக்கே மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் காற்றடித்தால் குண்டு ஏறக்குறைய இரண்டரை மீட்டர் ஒதுங்கும். நடுவட்டமோ அரை மீட்டர். காற்றின் கணிப்பில் பத்தில் ஒரு பங்குக்குமேல் பிழைத்தாலே குண்டு வட்டத்துக்கு வெளியே. கை எவ்வளவு அசையாமல் இருந்தாலும் பயனில்லை.

காற்றைப் பார்ப்பதற்கு மூன்று வழி. ரேஞ்சில் நட்ட கொடிகள் வலுவான காற்றைச் சொல்லும். மென்காற்றைச் சொல்வது கானல். ஸ்பாட்டிங் ஸ்கோப்பைக் குறிக்குச் சற்று முன்னால் குவித்து வைத்தால் தரைச்சூட்டில் எழும் அலை ஓடுவது தெரியும். பக்கவாட்டில் ஓடினால் காற்று குறுக்கே. நெட்டுக்குத்தாகக் கொதித்தால் காற்று நின்றுவிட்டது அல்லது முன்பின்னாக அடிக்கிறது. அந்தக் கொதிப்பு, காற்று திசை மாறப்போகிறது என்பதற்கும் எச்சரிக்கை. மூன்றாவது, முந்தைய குண்டு விழுந்த இடம். அதைக் குறித்துக்கொள்ளத்தான் தொலைதூரச் சுடுகிறவர்கள் நோட்டில் ஒவ்வொரு குண்டையும் வரைகிறார்கள்.

இத்தரப்புக்குள்ளேயே பழைய சண்டை ஒன்று உண்டு. பிஸ்லி மரபில் ஒரு குறிக்கு இரண்டு மூன்று பேர் மாறி மாறிச் சுடுவார்கள், ஒவ்வொருவருக்கும் 45 வினாடி. காற்று எப்படி இருந்தாலும் சுட்டாக வேண்டும். ஆகவே ஒவ்வொரு குண்டுக்கும் சைட்டைத் திருத்தக் கற்றார்கள். அமெரிக்க மரபில் ஒருவர் தன் இருபது குண்டையும் தொடர்ந்து சுடலாம். தனக்குத் தெரிந்த காற்று திரும்பி வரும்வரை காத்திருந்து, வந்ததும் வேகமாகச் சுடுவது அங்கே வளர்ந்தது. காத்திருக்கும் முறையில் புள்ளி கூடலாம், துரத்தும் முறையில் காற்றறிவு கூடும் என்று பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். கற்கும் காலத்துக்குத் துரத்தும் முறையே மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. காத்திருப்பவர் தனக்குத் தெரிந்த ஒரே காற்றோடு நின்றுவிடுகிறார். இன்னொரு விவாதம்: சுடுகிறவர் பக்கத்துக் காற்றா, நடுவழிக் காற்றா, எது பெரிது? தொடக்கத்திலேயே விலகிய குண்டு கடைசிவரை விலகிக்கொண்டே போகும் என்பதால் பக்கத்துக் காற்று என்பார்கள் ஒரு சாரார். ஆயிரம் கஜத்துக்குக் குண்டு நடுவழியில் மூன்று நான்கு மீட்டர் உயரத்தில் பறக்கிறது, அங்கே காற்று வேகமானது என்பார்கள் மறுசாரார். நிலத்தின் அமைப்பைப் பொறுத்து இரண்டும் உண்மையாகலாம்.

ஓசூர்ப் பீடபூமி ஒரு நல்ல காற்றுப் பள்ளி. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி சென்னையைவிடச் சுமார் எட்டு சதவீதம் குறைவு, குண்டின் விலகலும் அதற்கேற்பக் குறையும். சென்னை ரேஞ்சில் எழுதிய சைட் எண்ணை இங்கேயோ, இங்கே எழுதியதை அங்கேயோ அப்படியே வைக்க முடியாது. தென்மேற்குப் பருவத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்று ஓயாது. பசுமைக்குடிலின் பக்கத் திரை ஓரத்தில் கயிறு தளர்ந்து போயிருந்தால் அந்தப் பிளாஸ்டிக் முதலில் நடுங்கும், பிறகு படபடக்கும், கடைசியில் வயிறு உப்பி நிற்கும். மூன்றும் மூன்று வேகம். துப்பாக்கி இல்லாமலே ஒரு சிறுமி அதைப் பார்த்து வேகத்தைச் சொல்லிப் பழகலாம், கையடக்கக் காற்றுமானியால் சரிபார்க்கலாம். இதற்கு லைசென்ஸ் வேண்டாம்.

.22 ரைஃபிளிலும் ஓர் எதிர்பாராத உதவி இருக்கிறது. அதன் தோட்டா மெதுவானது, காற்றுக்கு எளிதில் இணங்குவது. அதே 16 கி.மீ. குறுக்குக் காற்று 50 மீட்டரில் அதை ஏறத்தாழ இரண்டரை செ.மீ. தள்ளும். பத்து என்று நினைத்தது ஏழாகும். கோணமாகப் பார்த்தால் 7.62 தோட்டா 300 மீட்டரில் விலகுவதற்கு இது கிட்டத்தட்டச் சமம். ஆக 50 மீட்டர் திறந்தவெளி ரேஞ்ச், காற்றைப் பொறுத்தவரை, ஒரு சின்ன 300 மீட்டர். ஆயிரம் கஜத்துக்கு இந்த ஒப்புமை நீளாது. அங்கே ஒரே நேரத்தில் மூன்று இடத்தில் மூன்று காற்று அடிக்கும். 50 மீட்டரில் அப்படி நடப்பது அரிது.

மனம்

கிரீட்மோர் 1874க்குத் திரும்புவோம். மூன்று புள்ளியில் தோற்ற அயர்லாந்து அணியில் மில்னர் என்பவர் சுட்ட ஒரு குண்டு நடுவட்டத்தில் பாய்ந்தது. ஆனால் அது பக்கத்துக் குறி. பூஜ்யம். அன்றைய விதிப்படி நடுவட்டத்துக்கு நான்கு புள்ளி, கிடைத்திருந்தால் 935. கருவித் தரப்பு தன் வெற்றியாகக் கொண்டாடிய போட்டி ஒருவரின் ஒருநொடிக் கவனச்சிதறலில் முடிந்தது.

மனத்தைத் தனிப் பாடமாக்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் லேனி பாஷம். 1972 ஒலிம்பிக்கிலிருந்து வெள்ளியோடு திரும்பியவர், தோற்றது உடம்பல்ல என்று முடிவுகட்டி, வென்றவர்களிடம் எப்படிச் சிந்திக்கிறீர்கள் என்று கேட்டு அலைந்தார். 1976 மாண்ட்ரியலில் 50 மீட்டர் மூன்று நிலையில் தங்கம். சக வீராங்கனை மார்கரெட் மர்டாக்கோடு புள்ளி சமமாக இருந்த போட்டி அது. இந்தியாவில் இத்தரப்பின் முகம் அபினவ் பிந்த்ரா. 2008 பெய்ஜிங் தங்கத்துக்கு முன் பெரிய ஒலிம்பிக் அரங்குக்குப் பழக ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் பயிற்சி செய்தவர். கல்யாண மண்டபத்துக்கு நம் ஊரில் பஞ்சமில்லை என்பதால் இந்த யோசனை பேரிகைக்கும் எட்டும்.

இத்தரப்பின் பலவீனம், சான்றுகள் பெரும்பாலும் வென்றவர்களின் வாய்மொழி என்பது. அதே மனப்பயிற்சியைச் செய்து தோற்றவர்கள் புத்தகம் எழுதுவதில்லை. அளந்து பார்த்த இடங்களிலும் முடிவு தெளிவில்லை. தேர்ந்த வீரர்கள் இரண்டு இதயத்துடிப்புகளுக்கு இடைப்பட்ட அமைதியில் விசையை அழுத்துகிறார்கள் என்று 1980களில் ஓர் ஆய்வு சொன்னது; ரேஞ்சுகளில் அது வேதவாக்காகவே ஆகிவிட்டது. பின்னாளில் இளையோரிடம் நடந்த ஆய்வில் அந்தத் தொடர்பு புலப்படவில்லை. ஆகவே துடிப்பை எண்ணச் சொல்லும் பயிற்சியாளரிடம் கொஞ்சம் எச்சரிக்கையோடு இருக்கலாம். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே வரிசையில் ஒரே செயல்கள், மனம் விலகினால் துப்பாக்கியை இறக்கிவிடும் துணிவு என்ற எளிய ஒழுங்கைப் பற்றி மட்டும் யாரும் சண்டையிடுவதில்லை.

எல்லையோரத்துக் கணக்கு

இனி நடைமுறை. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள்படி 4.5 மி.மீ. துளைக்கும் 20 ஜூல் முனை ஆற்றலுக்கும் மிகாத ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். 10 மீட்டர் போட்டி ரைஃபிள்கள் இந்த வரம்புக்குள் அடங்கும். .22 வந்தால் லைசென்ஸ் உண்டு. அங்கே எல்லையோரத்துக்காரருக்கு மட்டும் ஒரு தனிச் சிக்கல். பேரிகையிலிருந்து பெங்களூருவின் ரேஞ்சுகள் அருகில். சென்னை சுமார் முந்நூறு கி.மீ. ஆனால் தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் லைசென்ஸோடு மாலூர்ச் சாலையில் எல்லை தாண்டினால் கையில் இருப்பது சட்டவிரோத ஆயுதம். இந்தியா முழுமைக்குமான அனுமதி கேட்டு வாங்க வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். போட்டியாளர் விலக்குக் கேட்கலாம், ஆனால் முன்கூட்டியே கேட்க வேண்டும். யானையும் காட்டுப்பன்றியும் வயலில் இறங்கும் மாவட்டம் இது. நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்போர் மேல் காவல்துறைக்கும் வனத்துறைக்கும் எப்போதும் ஒரு கண் உண்டு. வயல்வெளியில் போய்ப் பயிற்சி என்ற யோசனையே கூடாது.

போட்டி ஏணி மாவட்ட, மாநிலச் சங்கங்களில் தொடங்கி, மாவ்லங்கர் பெயரிலான அகில இந்தியப் போட்டி வழியாகத் தேசியப் போட்டிக்கு ஏறுகிறது. தொடக்கநிலையாளருக்கு உதவியானது, சர்வதேச விதிப் பிரிவோடு ‘என்.ஆர்.’ என்ற தேசிய விதிப் பிரிவும் இருப்பது. விறைப்பான ஜாக்கெட், பேன்ட் இல்லாமலும் அங்கே இறங்கலாம். பள்ளியில் தேசிய மாணவர் படை இருந்தால் .22-ஐத் தொடும் முதல் வாய்ப்பு அதுவே.

தமிழ்நாட்டில் பிறந்தவர்கள் இந்த விளையாட்டில் இல்லாமல் இல்லை, ஆனால் ஊர் மாறித்தான் வளர்ந்திருக்கிறார்கள். 2012 லண்டனில் வெண்கலம் வென்ற ககன் நாரங் சென்னையில் பிறந்தவர், வளர்ந்தது ஹைதராபாத். இளவேனில் வாலறிவன் பிறந்தது கடலூர், துப்பாக்கி பிடித்தது குஜராத்தில், நாரங்கின் அகாடமி வழியாக. இருவருக்கும் பெயர் வாங்கித் தந்தது 10 மீட்டர். 50 மீட்டரில் ஒலிம்பிக் பதக்கம் 2024 பாரிஸில்தான் வந்தது. மூன்று நிலைப் போட்டியில் 451.4 புள்ளிகளோடு வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே, அப்போது மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தார். அவர் கோலாப்பூர்க்காரர். 2010இல் மியூனிக்கில் 50 மீட்டர் படுத்த நிலை உலகச் சாம்பியனான தேஜஸ்வினி சாவந்தும் அதே ஊர்.

தீராதவை

உடம்பையும் மனத்தையும் பொறுத்தவரை, 10 மீட்டர் வீரரும் ஆயிரம் கஜ வீரரும் கற்பது பெருமளவு ஒன்றே என்று சொல்லக் கோணக் கணக்கு இடம் தருகிறது. ஆண்டர்சன் போன்றோரின் வரலாறும் அதோடு முரண்படவில்லை. தொலைவு இல்லாத நாட்டில் தொடங்குகிறவர் பாதி வழியை வீட்டு வராந்தாவிலேயே கடந்துவிடலாம் என்பது எனக்கு மிகையாகத் தெரியவில்லை. கருவி இந்த வரிசையில் மூன்றாவதாக வந்தால் போதும்.

காற்று மட்டும் கணக்கில் நிற்காமல் நழுவுகிறது. 50 மீட்டரில் .22 சுட்டுப் பெற்ற காற்றறிவு 900 மீட்டருக்கு எவ்வளவு கைகொடுக்கும்? அனுபவசாலிகள் இரு பக்கமும் பேசுகிறார்கள். ஒரே ஆட்களை இரண்டு தொலைவிலும் பல பருவங்கள் சுடவைத்து அளந்தால்தான் விடை வரும். ஃபுல்போரில் நாற்பது ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் இளையவர்களை வெல்வது வழக்கமான காட்சி என்பதால், இந்த அறிவு ஆண்டுக்கணக்கில் சேர்வது என்று ஊகிக்கலாம். அப்படியானால் சின்ன வயதிலேயே 10 மீட்டருக்குள் ஒருவரைப் பூட்டிவிடும் நம் அகாடமி முறை, பதக்கம் தருகிற அதே வேளையில் வேறொன்றை மறுக்கிறதா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

காமன்வெல்த் விளையாட்டின் 2022 பர்மிங்காம் பட்டியலிலிருந்து துப்பாக்கிச் சுடுதலே விலக்கப்பட்டது. அதன்பின் ஃபுல்போருக்காக ரேஞ்ச் கட்ட அரசுகளுக்கு இருந்த தூண்டுதலும் குறைந்தது. படைத்துறை ரேஞ்சுகளில் வாரம் ஒரு நாள் 300 மீட்டர் வரிசையைச் சங்க உறுப்பினர்களுக்குத் திறக்கலாமா, தடைசெய்யப்பட்ட தோட்டா வகைக்குப் பதில் 6 மி.மீ. வகைக்கு ரேஞ்சுக்குள் மட்டும் இடம் கொடுக்கலாமா என்பவை சட்டமும் பாதுகாப்பும் சேர்ந்து பேசி முடிக்க வேண்டியவை. அதுவரை பேரிகையில் கற்கிறவருக்குத் துப்பாக்கிக்கான பள்ளி பத்து மீட்டரில் இருக்கும், காற்றுக்கான பள்ளி ஊருக்கு வெளியே துப்பாக்கி இல்லாமல் இருக்கும். இரண்டையும் ஒரே ஆள் ஒரே நாளில் சேர்த்துச் சோதித்துப் பார்க்கும் இடம் இன்னும் படை முகாம்களின் வேலிக்கு உள்ளேதான் இருக்கிறது.